ஒளிக்காக வளர்க்கப்படும் கரிமப் படிகங்கள்: ஓர் எளிய அறிமுகம்

'ஆர்கானிக் கிரிஸ்டல்' என்று சொன்னால் போதும், கேட்பவர் மனதில் இரண்டு தவறான படங்கள் வந்துவிடும். ஆர்கானிக் என்றதும் ரசாயன உரம் போடாமல் விளைந்தது என்று தோன்றும். கிரிஸ்டல் என்றதும் பட்டை தீட்டிய கண்ணாடிக் குவளையோ, பக்கத்தில் வைத்தால் மன அமைதி தரும் என்று விற்கப்படும் கல்லோ நினைவுக்கு வரும். வேதியியலில் ஆர்கானிக் என்றால் கார்பன் அணுக்களைச் சட்டமாகக் கொண்ட மூலக்கூறு, அவ்வளவுதான். தமிழில் கரிமச் சேர்மம் என்கிறோம். யூரியா என்ற ரசாயன உரமே ஒரு கரிமச் சேர்மம். இந்தக் கட்டுரையில் அது ஒளியியல் படிகமாகவும் வரப்போகிறது.

குழப்பம் வெளியாட்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஒளியியல் வேலைகளுக்காகக் கரிமப் படிகங்களை வளர்க்கும் இந்தத் துறையில் புதிதாகக் கால் வைப்பவர்களிடமும் இரண்டு நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, பெரிதாகவும் தெளிவாகவும் வளர்ந்துவிட்டால் அது நல்ல படிகம். இன்னொன்று, 'கேடிபியை விட இத்தனை மடங்கு' என்று, ஒப்பீட்டுக்கு வைக்கும் கேடிபி என்ற படிகத்தோடு ஒப்பிட்டு ஓர் எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டுமே ஏன் சரியில்லை என்பதைப் புரிந்துகொள்ள, அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

## தரை ஓடுகளும் படிகமும்

ஒரே மாதிரியான ஓடுகள் பதித்த தரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓர் ஓட்டின் அளவும் கோணமும் தெரிந்தால், நூறு ஓடுகள் தள்ளி என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். படிகம் என்பது இதன் முப்பரிமாண வடிவம். அணுக்களோ மூலக்கூறுகளோ ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும். திரும்பத் திரும்ப வரும் அந்த மிகச் சிறிய பெட்டிக்கு அலகுக்கூடு என்று பெயர். கரிமப் படிகங்களில் அதன் பக்கம் பெரும்பாலும் ஒரு நானோமீட்டரை ஒட்டியது. அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

கண்ணாடியில் இந்த வரிசை இல்லை. அதே ஓடுகளைக் கூடையிலிருந்து கொட்டிக் குவித்தது போன்றது அது. ஆக, 'கிரிஸ்டல்' குவளை படிகமே அல்ல. ஈய ஆக்சைடு போன்றவை சேர்த்துப் பளபளப்பைக் கூட்டிய கண்ணாடி.

சரி, 'ஒற்றைப் படிகம்' என்கிறார்களே, அந்த 'ஒற்றை' எங்கிருந்து வருகிறது? ஒரே கொத்தனார் ஒரு மூலையில் தொடங்கி, திசை மாறாமல் முழுத் தரையையும் முடித்தால் அது ஒற்றைப் படிகம். நான்கு பேர் நான்கு மூலைகளில் அவரவர் கோணத்தில் தொடங்கி நடுவில் சந்தித்தால், ஓடுகள் பொருந்தாத இடங்களில் இணைப்புக் கோடுகள் விழும். அது பல்படிகம். இரும்புக் கம்பி பல்படிகம். நல்ல சர்க்கரைப் பரல் ஒன்று ஒற்றைப் படிகம். ஒளியைப் பொறுத்தவரை அந்த இணைப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரு தடை: ஒளி அங்கே சிதறும், திரும்பும், தன் ஒழுங்கை இழக்கும்.

## கரிமப் பொருளை ஏன் தேட வேண்டும்

சமையல் உப்பையும் சர்க்கரையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உப்பில் மின்னூட்டம் பெற்ற அயனிகள் ஒன்றையொன்று பலமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் தேவை. சர்க்கரையில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்த, முழுமையான ஆள். பக்கத்து மூலக்கூறுடன் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மென்மையான பிடிப்புதான். அதனால் 200 டிகிரிக்கு முன்பே நிலை குலைந்துவிடுகிறது. கரிமப் படிகங்கள் பொதுவாக மென்மையானவை, சூடு தாங்காதவை, சில ஈரத்தையும் தாங்காதவை.

இத்தனை குறைகளையும் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் எலக்ட்ரான்கள். பென்சீன் போன்ற கார்பன் வளையங்களில் சில எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக்கொள்ளாமல் வளையம் முழுக்க உலாவுகின்றன. வளையத்தின் ஒரு முனையில் எலக்ட்ரானைத் தள்ளும் தொகுதியையும் மறுமுனையில் இழுக்கும் தொகுதியையும் பொருத்தினால், அவை ஒரு பக்கமாக எளிதாகச் சாயும். ஒளி பட்டவுடன் நடக்கும் இந்த அசைவு மிக வேகமானது. வேண்டிய தொகுதியை வேண்டிய இடத்தில் பொருத்தும் சுதந்திரம் வேதியியலாளருக்கு இருக்கிறது. கனிமப் படிகங்களில் அந்த அளவு சுதந்திரம் கிடையாது.

## ஒலிபெருக்கி இரைவது போல, ஒளி

ஒலிபெருக்கியில் சத்தத்தை மிதமாக வைத்தால் உள்ளே போன ஒலிதான் வெளியே வரும். அளவுக்கு மீறித் திருகினால் இரையும். அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது? பாட்டில் அது இல்லை. ஒலிபெருக்கியின் தகடு தன் எல்லைக்கு மேல் தள்ளப்படும்போது, உள்ளே போகாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்று, உள்ளே போனதைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண் கொண்டது.

பொருளுக்குள் எலக்ட்ரான்களும் அப்படித்தான். ஒளி என்பது அசைந்துகொண்டே இருக்கும் ஒரு மின்புலம். அது எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அவை அதே தாளத்தில் ஆடி, அதே நிற ஒளியைத் திருப்பி வெளியிடுகின்றன. விளக்கு ஒளியிலும் வெயிலிலும் இதுதான் நடக்கிறது. லேசர் ஒளியின் மின்புலம் மிகப் பலமானது. அதில் எலக்ட்ரான்கள் தாளம் தவறி, இரண்டு மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளியையும் சேர்த்து வெளியிடுகின்றன. இப்படித் தள்ளும் விசைக்கு நேர் விகிதத்தில் அமையாத விளைவுகளைப் பற்றியது நேரியல்பற்ற ஒளியியல். இரண்டு மடங்கு அதிர்வெண் பிறப்பதை இரண்டாம் சீரிசை உருவாக்கம் என்பார்கள்.

லேசர் 1960ல் பிறந்தது. அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃப்ராங்கனும் கூட்டாளிகளும் ரூபி லேசரின் 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, 347 நானோமீட்டரில் புற ஊதா ஒளியைப் பதிவு செய்தார்கள். படத்தகட்டில் அது ஒரு மங்கலான புள்ளியாக மட்டுமே விழுந்திருந்தது. அச்சிட்ட இதழில் அந்தப் புள்ளியைக் காணோம். அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டி நிற்கிறது. அழுக்கு என்று நினைத்து அச்சுப் பணியில் யாரோ துடைத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

இன்று கையடக்கப் பச்சை லேசர் விளக்குகள் பலவற்றில் நடப்பது இதுவே. உள்ளே 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி உருவாகி, ஒரு சிறு படிகத்தில் 532 நானோமீட்டர் பச்சையாக மாறுகிறது. ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை. அகச்சிவப்பு ஃபோட்டான்கள் இரண்டு சேர்ந்து ஒரு பச்சை ஃபோட்டான் ஆகின்றன.

சுருக்கிச் சொன்னால்: ஒழுங்கான அடுக்கு வேண்டும், எளிதில் சாயும் எலக்ட்ரான்கள் வேண்டும், பலமான லேசர் வேண்டும். இவை மூன்றும் இருந்தும் ஒன்றுமே நடக்காமல் போகலாம். அடுத்த பகுதி அதைப் பற்றியது.

## இரண்டு காந்தங்களின் பிடிவாதம்

பாரா-நைட்ரோஅனிலின் என்றொரு மூலக்கூறு இருக்கிறது. பென்சீன் வளையம், ஒரு முனையில் தள்ளும் அமினோ தொகுதி, மறுமுனையில் இழுக்கும் நைட்ரோ தொகுதி. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆனால் அதன் படிகத்தில் லேசரைச் செலுத்தினால் இரண்டாம் சீரிசை வருவதில்லை.

இரண்டு சட்டக் காந்தங்களைப் பக்கம் பக்கமாக விட்டுப் பாருங்கள். ஒன்றின் வடமுனை மற்றதன் தென்முனையோடு ஒட்டும்படி எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும். முனைக்கு முனை மின்னூட்டம் வேறுபடும் மூலக்கூறுகளுக்கும் அப்படிச் சேர்வதே சுகம். எதிரெதிராகப் படுத்த ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டால், ஒன்று வலப்பக்கம் எளிதாகச் சாயும், மற்றது இடப்பக்கம். கூட்டிக் கழித்தால் மிச்சம் பூஜ்யம். இத்தகைய படிகத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, அதிலிருந்து எந்தத் திசையில் எது இருக்கிறதோ, நேர் எதிர்த்திசையில் அதே தொலைவில் அதுவே இருக்கும். அந்தப் புள்ளிக்குச் சமச்சீர் மையம் என்று பெயர். அது இருந்தால் இரண்டாம் சீரிசை இல்லை. விதிவிலக்காக மேற்பரப்பில் கிடைக்கும் மிக மெல்லிய சமிக்ஞைகளை இங்கே விட்டுவிடுவோம்.

படிகங்களின் சமச்சீர் வகுப்புகள் மொத்தம் 32. அவற்றில் 21க்கு மையம் கிடையாது. எண்ணிக்கையைப் பார்த்து நம்பிக்கை கொள்ள வேண்டாம். அமைப்பு கண்டறியப்பட்ட கரிமப் படிகங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு மையம் உள்ள வகுப்புகளில்தான் போய் விழுகின்றன. காந்தங்களின் பிடிவாதம் அப்படி.

இதை உடைக்க வழிகள் உண்டு. பாரா-நைட்ரோஅனிலினின் வளையத்தில் ஒரே ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டவைத்தால், அது குறுக்கே இடித்துக்கொண்டு எதிரெதிர் அடுக்கைக் கெடுக்கிறது. அப்படிக் கிடைக்கும் 2-மீத்தைல்-4-நைட்ரோஅனிலினின் படிகத்தில் மையம் இல்லை. 1979ல் அளந்தபோது அதன் மிகப் பெரிய நேரியல்பற்ற கெழு, அதாவது இந்த விளைவின் பலத்தைச் சொல்லும் எண், வழக்கமான ஒப்பீட்டுப் படிகமான கேடிபியுடையதைவிடப் பல நூறு மடங்கு இருந்தது. கேடிபி என்பது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்.

இன்னொரு வழி கைகளைப் பயன்படுத்துவது. இடக்கை வலக்கையின் ஆடிப்பிம்பம்; ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது. சில மூலக்கூறுகளும் அப்படியே. சமச்சீர் மையம் அமைய வேண்டுமென்றால் ஒவ்வொரு இடக்கைக்கும் எதிரே ஒரு வலக்கை வேண்டும். பெட்டி முழுக்க இடக்கைகளே இருந்தால் மையம் அமைய வழியே இல்லை. இயற்கை அமினோ அமிலங்களில் கிளைசினைத் தவிர மற்றவை ஒரே கை கொண்டவை. சர்க்கரையும் அப்படியே, அதனால்தான் அதன் பொடியும் இரண்டாம் சீரிசை தரும். ஆய்வகங்களில் எல்-அலனைன், எல்-அர்ஜினைன் என்று அமினோ அமிலங்களின் பெயர்கள் ஓயாமல் அடிபடுவதற்குக் காரணம் இதுதான். ஒரு எச்சரிக்கை: கை ஒன்றாக இருந்தால் மையம் இருக்காது என்பது மட்டுமே உறுதி. விளைவு பலமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

## கால் தப்பாத அணிவகுப்பு

படிகத்தின் உள்ளே ஒவ்வொரு அடுக்கும் புதிய பச்சை ஒளியை உருவாக்குகிறது. அவை ஒன்றோடொன்று கால் ஒத்து நடந்தால்தான் கூடி வலுக்கும். ஆனால் அகச்சிவப்பும் பச்சையும் பொருளுக்குள் ஒரே வேகத்தில் போவதில்லை. முதலில் பிறந்த பச்சைக்கும் பின்னால் பிறந்த பச்சைக்கும் இடையே கால் தப்பி, சில மைக்ரோமீட்டர்கள் முதல் சில பத்து மைக்ரோமீட்டர்களுக்குள்ளேயே ஒன்றை ஒன்று அழிக்கத் தொடங்கிவிடும்.

தீர்வு படிகத்திடமே இருக்கிறது. பெரும்பாலான படிகங்களில் ஒளியின் வேகம் அது போகும் திசையையும், அதன் மின்புலம் எந்தப் பக்கம் அசைகிறது என்பதையும் பொறுத்து மாறும். இதுதான் இரட்டை ஒளிவிலகல். சரியான கோணத்தில் படிகத்தை வெட்டினால், ஒரு பக்கம் அசையும் அகச்சிவப்பும் மறுபக்கம் அசையும் பச்சையும் ஒரே வேகத்தில் போகும்படி செய்யலாம். இதற்குக் கட்டப் பொருத்தம் என்று பெயர். சற்று முன் பெருமையாகச் சொன்ன 2-மீத்தைல்-4-நைட்ரோஅனிலின் இங்கேதான் சறுக்குகிறது. அதன் மிகப் பெரிய கெழு, இரண்டு ஒளிகளும் ஒரே பக்கம் அசையும்போது கிடைப்பது. அந்த நிலையில் இரட்டை ஒளிவிலகலைக் கொண்டு வேகத்தைச் சமன் செய்ய முடியாது. பெரிய எண் இருக்கிறது, முழுசாகப் பயன்படுத்த வழி இல்லை.

இதுவரை வந்தது: மூலக்கூறு, அதன் அடுக்கு, வெட்டும் கோணம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒளியியல் படிகம். இனி அதை எப்படி உண்டாக்குவது என்று பார்ப்போம்.

## பொறுமையை அளந்து ஊற்றுதல்

வெந்நீரில் சர்க்கரையை இனி கரையாது என்ற அளவுக்குக் கரையுங்கள். அது தெவிட்டிய கரைசல். அதை மெதுவாக ஆறவிட்டால், குளிர்ந்த நீர் தாங்கக்கூடியதைவிட அதிகமான சர்க்கரை கொஞ்ச நேரம் கரைந்தே இருக்கும். இது அதிதெவிட்டிய நிலை. படிகம் வளர்ப்பவரின் முழு வித்தையும் இந்த மிகையை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதில் இருக்கிறது.

மிகை இருந்தும் படிகம் உடனே தோன்றாததற்குக் காரணம் உண்டு. பத்துப் பேர் கைகோத்து வட்டமாக நெருங்கி நின்றால், பெரும்பாலானோர் ஓரத்தில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு கை சும்மா இருக்கும். ஆயிரம் பேர் நின்றால் ஓரத்தில் இருப்பவர்களின் விகிதம் குறையும். மூலக்கூறுகளின் சிறு கூட்டமும் ஓரத்தின் சுமை தாங்காமல் கலைந்துவிடுகிறது. தற்செயலாக ஓர் எல்லையைத் தாண்டிப் பெரிதானால் மட்டுமே நிலைத்து வளரும். இதுதான் கருவாக்கம். மிகை அதிகமானால் அந்த எல்லை சுருங்கி, ஆயிரக்கணக்கான கருக்கள் ஒரே நேரத்தில் பிறந்து, பாத்திரத்தின் அடியில் பொடியாகப் படியும். மிகை மிதமாக இருந்தால் புதிய கரு பிறக்காது, ஆனால் ஏற்கெனவே உள்ள படிகம் வளரும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் வாரக்கணக்கில் இருக்க வேண்டும்.

நடைமுறையில் முதலில் பொருளைச் சுத்தம் செய்கிறார்கள்: கரைத்து, வடிகட்டி, மறுபடி படிகமாக்கி, தேவைப்பட்டால் மீண்டும் மீண்டும். அப்புறம் கரைப்பான் தேர்வு. தண்ணீர், மெத்தனால், அசிட்டோன் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். பொருள் அதில் மிதமாகக் கரைய வேண்டும், கரைப்பான் மெதுவாக ஆவியாக வேண்டும். துளையிட்ட மூடியால் மூடி ஆவியாக விடுவது ஒரு முறை. வெப்பநிலையை நாளுக்குச் சிறிதளவாகக் குறைத்துக்கொண்டே போவது இன்னொன்று. தொட்டியின் வெப்பநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஆடக் கூடாது என்று பார்த்துக்கொள்வார்கள். முதலில் தானாகப் பிறந்த சிறு படிகங்களில் குறையில்லாத ஒன்றைப் பொறுக்கி, நூலில் கட்டித் தொங்கவிடுவதே வித்துப் படிகம். எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ வளரும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசைதான் பல படிகங்களைக் கெடுத்திருக்கிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு முரண். முழுக்க முழுக்கக் குறையற்ற, தட்டையான படிக முகத்தில் புதிய அடுக்கு தொடங்குவது கடினம், ஏனென்றால் வந்து சேரும் மூலக்கூறுக்கு ஒண்டிக்கொள்ள மூலை இல்லை. கணக்குப்படி வளரவே கூடாத மிகக் குறைந்த மிகையிலும் படிகங்கள் வளர்வதைப் பார்த்து ஆய்வாளர்கள் குழம்பினார்கள். 1949ல் சார்லஸ் ஃப்ராங்க் விடை சொன்னார். அடுக்கில் சுழற்படிக்கட்டு போன்ற ஒரு திருகுக் குறை இருந்தால், படி ஒருபோதும் முடிவதில்லை. மூலக்கூறுகள் அந்தப் படியிலேயே சுற்றிச் சுற்றி ஏறும். பின்னர் நுண்ணோக்கியில் அந்தச் சுருள்களைக் கண்ணாலேயே பார்த்தார்கள். குறையில்லாத படிகத்தைத் தேடும் நாம், அது வளர ஒரு குறையை நம்பியிருக்கிறோம்.

வடிவத்திலும் இப்படியொரு வேடிக்கை உண்டு. வேகமாக வளரும் முகங்கள் குறுகி மறைந்துவிடும். கடைசியில் நம் கண்ணுக்குத் தெரிபவை சோம்பேறி முகங்களே. யூரியா தண்ணீரில் ஒரே திசையில் ஓடி ஊசியாக வளர்கிறது. ஊசியை வெட்டி ஒளியியல் துண்டு எடுக்க முடியாது. அதில் பையூரெட் என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தால், அது ஓடும் முகத்தில் ஒட்டிக்கொண்டு வேகத்தைத் தடுக்கிறது. ஊசி குட்டையாகிக் கட்டியாகிறது.

ஆனால் கட்டப் பொருத்தத்துக்கு வேண்டிய திசை, படிகம் விரும்பி வளரும் திசையாக இருப்பது அபூர்வம். பெரிய படிகத்தை வளர்த்துக் கோணம் பார்த்து வெட்டினால் பாதிக்கு மேல் வீணாகும். 2005ல் சங்கரநாராயணனும் ராமசாமியும் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். அடி குறுகிய கண்ணாடிக் குழாயில், வேண்டிய திசை மேல்நோக்கி இருக்கும்படி வித்துப் படிகத்தைப் பதித்து, மேலே கரைசலை நிரப்பி, குழாயின் தலைப்பகுதியைச் சற்றுச் சூடாக வைப்பது. படிகம் அந்த ஒரு திசையில் மட்டும் குழாயை நிரப்பிக்கொண்டே உயரும். அவர்கள் முதலில் வளர்த்தது பென்சோஃபீனோன். இருவர் பெயரின் முதலெழுத்துகளால் இது எஸ்.ஆர். முறை என்று வழங்குகிறது.

உருகியும் சிதையாத பொருள்களுக்கு இன்னொரு பாதை திறந்திருக்கிறது: பிரிட்ஜ்மன் முறை. கூர்முனைக் குழாயில் பொருளை உருக்கி, சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு மிக மெதுவாக இறக்குவார்கள். கூர்முனையில் பல கருக்கள் பிறந்தாலும் இடப்போட்டியில் ஒன்றே மிஞ்சி மேலே வரும். ஆனால் அமினோ அமிலங்கள் போன்றவை உருகும்போதே சிதைந்துவிடும், அவற்றுக்குக் கரைசலே கதி.

## முதல் கேள்வி: இது என்ன?

படிகம் கையில் வந்துவிட்டது. இப்போது தொடங்குவது பண்பறிதல். புதியவர்கள் இதைக் கருவிகளின் நீண்ட பட்டியலாகவே பார்க்கிறார்கள்; ஒவ்வொரு கருவியிலும் ஒரு வரைபடம் எடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டால் போதும். இது என்ன? இதன் உள்ளே ஒழுங்கு எப்படி? ஒளிக்கு இது என்ன செய்கிறது?

முதல் கேள்வியில்தான் அதிகமான தவறுகள் நடக்கின்றன. 'அ' என்ற அமினோ அமிலத்தையும் 'ஆ' என்ற உப்பையும் நீரில் கரைத்து வைத்தால், ஒரு படிகம் வரும். உடனே அதற்கு 'அ-ஆ' என்று புதுப்பெயர் சூட்டிவிடுவது சுலபம். ஆனால் இரண்டும் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கரைதிறன் குறைந்தது எதுவோ அது தனியாக முதலில் வெளியே வந்துவிடும். அப்படிப் பழைய பொருளுக்கே புதுப்பெயர் வைத்து வெளியான கட்டுரைகளும், அவற்றைச் சுட்டிக்காட்டி மற்றவர்கள் எழுதிய மறுப்புகளும் இந்தத் துறையில் நிறைய உண்டு.

கிளைசின் இதற்கு நல்ல பாடம். நீரிலிருந்து அது ஆல்ஃபா என்ற அடுக்கில் வரும். அதில் சமச்சீர் மையம் இருக்கிறது. நீரில் சமையல் உப்பைக் கலந்துவிட்டால் அதே கிளைசின் காமா என்ற வேறு அடுக்கில் வரும். அதில் மையம் இல்லை, இரண்டாம் சீரிசை கிடைக்கும். படிகத்தின் வடிவம் மாறிவிட்டது, பச்சை ஒளியும் வருகிறது. ஆகவே கிளைசினும் உப்பும் சேர்ந்து புதுச் சேர்மம் பிறந்துவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். உண்மையில் உள்ளே கிளைசின் மட்டும்தான்.

இதைத் தீர்த்துவைப்பது ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு. சீரான இடைவெளியில் நட்ட மரங்களிடையே ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால், சில கோணங்களில் மரங்கள் வரிசையாகத் திறந்துகொள்ளும். எக்ஸ்-கதிர்களுக்கும் அணு வரிசைகளின் இடைவெளியைப் பொறுத்துச் சில கோணங்களில் மட்டும் பலமான புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளின் இடத்திலிருந்து அலகுக்கூட்டின் அளவும், பொலிவிலிருந்து உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். கூட்டின் அளவு மட்டும் கிடைத்தாலே, கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் உள்ள பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகளோடு ஒப்பிட்டு, 'இது ஏற்கெனவே தெரிந்தது' என்று பெரும்பாலும் உடனே சொல்லிவிடலாம்.

பலர் இதற்குப் பதிலாக அகச்சிவப்பு நிறமாலையை மட்டும் நம்புகிறார்கள். அதில் எந்தெந்த வேதித் தொகுதிகள் இருக்கின்றன என்பது தெரியும். அமினோ தொகுதி இருக்கிறது, கார்பாக்சில் இருக்கிறது, சரி. தொடங்கிய பொருளிலேயே அவை இருந்தனவே!

## இரண்டாவது: ஒழுங்கு எப்படி?

கண்ணுக்குத் தெளிவாக இருப்பது ஒழுங்குக்கு அடையாளம் அல்ல. கண்ணாடி இதைவிடத் தெளிவானது. பால் போல மங்கிய பகுதி தெரிந்தால், வேகமாக வளர்ந்தபோது கரைப்பான் துளிகள் உள்ளே சிறைப்பட்டிருக்கலாம். அது சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய குறை. கண்ணுக்குத் தெரியாத குறை, படிகத்தின் ஒரு பகுதி இன்னொன்றிலிருந்து மிகச் சிறிய கோணத்தில் சாய்ந்திருப்பது. படிகத்தை எக்ஸ்-கதிரில் வைத்து மெல்ல மெல்லத் திருப்பினால், ஒழுங்கானதில் ஒரே ஒரு கூரிய உச்சி வரும். அதன் அகலத்தை ஆர்க் செகண்டில் அளப்பார்கள், அதாவது ஒரு பாகையின் 3600ல் ஒரு பங்கு. நல்ல படிகத்தில் அகலம் சில ஆர்க் செகண்டுகள் முதல் சில பத்து வரை. பக்கத்தில் இன்னோர் உச்சி முளைத்தால் உள்ளே இரண்டு கொத்தனார்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெப்ப ஆய்வும் கடினத்தன்மையும் இங்கே துணைக்கு வருபவை. எந்தச் சூட்டில் எடை குறைகிறது, எப்போது உருகுகிறது, வைர முனையை அழுத்தினால் எவ்வளவு பள்ளம் விழுகிறது என்பவை, படிகத்தை வெட்டி மெருகேற்ற முடியுமா, லேசரின் சூட்டில் நிற்குமா என்பதற்கான விடைகள்.

## மூன்றாவது: ஒளிக்கு என்ன செய்கிறது?

முதலில் ஒளி உள்ளே போய் வெளியே வர வேண்டும். 1064லிருந்து 532 வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் படிகம் ஒளிபுக வேண்டும். தள்ளும், இழுக்கும் தொகுதிகளைப் பலமாக்க ஆக, மூலக்கூறு நீல ஒளியை விழுங்கத் தொடங்கும். படிகம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். யூரியா பலவீனமானது, ஆனால் 200 நானோமீட்டர் வரை ஒளிபுகும். 2-மீத்தைல்-4-நைட்ரோஅனிலின் பலமானது, ஆனால் மஞ்சள். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. இந்தத் துறையின் நிரந்தரமான பேரம் இது.

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற 'இத்தனை மடங்கு'. 1968ல் கர்ட்ஸும் பெர்ரியும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பெரிய படிகம் வளர்க்கத் தேவையில்லை. பொருளைப் பொடி செய்து, சலித்து, லேசர் பாய்ச்சி, வரும் இரண்டாம் சீரிசையை அதே அளவில் சலித்த கேடிபி அல்லது யூரியா பொடியோடு ஒப்பிட்டால் போதும். அருமையான முறைதான். ஆனால் அது வடிகட்டியே தவிரத் தராசு அல்ல. பொடியில் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. துகளின் அளவு மாறினால் விடையும் மாறும். கட்டப் பொருத்தம் உள்ள பொருளில் துகள் பெரிதாக ஆக ஒளி கூடி ஒரு மட்டத்தில் நிலைக்கும். இல்லாததில் ஒரு கட்டத்தில் கூடி, பிறகு குறையும். இரண்டு பொடிகளையும் ஒரே அளவில் சலித்தார்களா என்று சொல்லாமல் '3.2 மடங்கு' என்று எழுதினால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள 2க்கு அர்த்தமே இல்லை. வந்த ஒளி சரியாக 532தானா, வெறும் ஒளிர்தலா என்று வடிப்பான் வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

லேசர் சேத வரம்பும் அப்படியே. எவ்வளவு பலமான லேசரில் படிகம் கருகும் என்ற எண்ணை, துடிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லாமல் தந்தால், எத்தனை மணி நேரத்தில் என்று சொல்லாமல் '100 கிலோமீட்டர் போனேன்' என்பது போலத்தான்.

## உண்மையில் எங்கே பயன்படுகின்றன

பச்சை லேசர் விளக்குகளில் இருப்பவை பெரும்பாலும் கனிமப் படிகங்கள். சூடும் ஈரமும் தாங்கும் விஷயத்தில் கரிமப் படிகங்கள் அவற்றோடு போட்டி போட முடியாது. அவை வெல்லும் இடங்கள் வேறு. டாஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிவப்பு நிறக் கரிம உப்பு, மைக்ரோ அலைக்கும் அகச்சிவப்புக்கும் இடையில் உள்ள டெராஹெர்ட்ஸ் கதிர்களை உருவாக்குவதில் பேர் பெற்றது. அதன் படிகத்தை மெத்தனால் கரைசலில் வளர்க்கிறார்கள். கரைசலில் ஈரம் புகுந்துவிட்டால் நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் வேறொரு படிகம் வரும். அதில் சமச்சீர் மையம் இருக்கிறது. இரண்டாம் சீரிசை பூஜ்யம்.

இரண்டாம் சீரிசைக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளும் உண்டு. ஸ்டில்பீன் படிகத்தில் கதிரியக்கத் துகள் மோதினால் ஒரு மின்னல் எழும். அது அணையும் விதத்தை வைத்து, மோதியது நியூட்ரானா காமா கதிரா என்று பிரித்துச் சொல்லலாம். இந்த வேலைக்குச் சமச்சீர் மையம் இருந்தாலும் பரவாயில்லை. பாரா-டெர்ஃபீனைல் படிகத்தில் சிறிதளவு பென்டசீனைக் கலந்து, 2012ல் இங்கிலாந்தில் அறை வெப்பநிலையில் இயங்கும் மேசரை, அதாவது லேசரின் மைக்ரோ அலை வடிவத்தை, இயக்கிக் காட்டினார்கள். அதற்கு முன் திண்மப் பொருள் மேசர்களைக் கடுங்குளிரில் வைத்துத்தான் இயக்க வேண்டியிருந்தது.